சர்வதேச ரக்பி நடுவர் என்பது ஒரு வேலையா? மும்பையிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் அங்கே போக முடியுமா?

கேள்வி கேட்டவர் சயானில் இருக்கும் ஒரு தாய். அவருடைய பத்தொன்பது வயது மகன் நான்கு வருடம் ரக்பி ஆடியவன். முழங்காலில் அடிபட்டு ஆட்டத்தை விட்ட பிறகு, "ரெஃப்ரி ஆகப் போறேன்மா, உலகக் கோப்பை வரைக்கும் போகலாம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறானாம். இப்படி ஒரு வேலை இருக்கிறதா, அதை நம்பி உட்கார முடியுமா என்று கேட்கிறார்.

நான் ஆன்டாப் ஹில்லில் குடியிருக்கிறேன். பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வேலை. பதினோரு வருடங்களாக, மழைக்கால சனி ஞாயிறுகளில் மும்பை மைதானங்களில் ரக்பிக்கு விசில் ஊதி வருகிறேன். சர்வதேச ஆட்டம் எதையும் நான் நடத்தியதில்லை. ஆனால் அந்த உயரத்துக்குப் போனவர்களின் வாழ்க்கையை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து வருகிறேன், அவர்கள் செய்யும் அதே வேலையின் சிறிய வடிவத்தை நானும் செய்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் பணம். உள்ளூரில் விசில் ஊதினால் ரயில் செலவும் சாப்பாடும் கிடைக்கும், சில போட்டிகளில் அதற்கு மேல் கொஞ்சம் தருவார்கள். அவ்வளவுதான். ரக்பி யூனியன், அதாவது நாம் பேசும் இந்த ரக்பி, தொழில்முறை ஆட்டமானதே 1995-இல்தான். அதன் பிறகுதான் முழுநேர நடுவர் என்ற வேலையே உருவானது. இன்றும் பெரிய ரக்பி நாடுகளின் சங்கங்கள்தான் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை ஒப்பந்தத்தில் வைத்துச் சம்பளம் தருகின்றன. 2023 ஆண்கள் உலகக் கோப்பைக்கு உலகம் முழுவதிலிருந்தும் தேர்வான முதன்மை நடுவர்கள் 12 பேர். அவர்களில் இங்கிலாந்தின் வெய்ன் பார்ன்ஸ் வழக்கறிஞர், நியூசிலாந்தின் பென் ஓகீஃப் கண் மருத்துவம் படித்த டாக்டர். அதனால் மகனிடம் நீங்கள் சொல்ல வேண்டியது இதுதான்: படிப்பை முடி, கையில் ஒரு வேலையை வைத்துக்கொள், விசிலையும் எடுத்துக்கொள்.

இன்னொன்று, முழங்கால். ஆட முடியாதவன் நடுவராகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ரக்பி ஆட்டம் 80 நிமிடம், களைத்துப்போனால் இறக்க நடுவருக்கு மாற்று ஆள் கிடையாது. பந்து எங்கே போகிறதோ அங்கே முதல் ஆளாகப் போய் நிற்க வேண்டும். உடற்தகுதிக்கு பிராங்கோ என்று ஒரு ஓட்டம் இருக்கிறது. 20 மீட்டர் போய் வர வேண்டும், பிறகு 40 மீட்டர், பிறகு 60 மீட்டர். இதையே ஐந்து முறை, நிற்காமல். கூட்டினால் 1,200 மீட்டர். ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பின் பாரம் முழுக்க முழங்காலில்தான் இறங்கும். மாட்டுங்காவில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் விடியற்காலையில் இதை ஓடிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கே முட்டி பேசும். டாக்டர் சரி என்று சொல்லாமல் பையனை இறக்கிவிடாதீர்கள்.

சரி, இனி வேலைக்கு வருவோம்.

ரக்பியில் நடுவருக்கு மைக் மாட்டிவிடுகிறார்கள். அவர் ஏன் விசில் ஊதினார் என்பது தொலைக்காட்சியில் பார்க்கும் எல்லோருக்கும் அவர் குரலிலேயே கேட்கும். மற்ற பல ஆட்டங்களில் நடுவர் கையைக் காட்டிவிட்டுப் போய்விடுவார். இங்கே காரணம் சொல்லியாக வேண்டும். ஒரு டேக்கிள், அதாவது பந்தோடு ஓடுபவனைப் பிடித்து வீழ்த்துவது, நடந்து ஆட்கள் குவிந்ததும் நடுவர் பேசிக்கொண்டே இருப்பார்: கையை எடு, உருண்டு வெளியே போ, பின்னால் நில். தப்பு நடந்த பிறகு தண்டிப்பதைவிட நடப்பதற்கு முன்னாலேயே தடுப்பதுதான் நல்ல நடுவரின் பாதி வேலை. பெரிய ஆட்டங்களில் இப்படிக் குவியல்கள் நூற்றுக்கு மேல் வரும், ஒவ்வொன்றிலும் ஒரு நொடிக்குள் நாலைந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். வீரர்கள் பக்கத்திலும் ஒரு கட்டுப்பாடு உண்டு. நடுவரிடம் பேசுவது கேப்டன் மட்டும்தான். மற்றவன் எதிர்த்துப் பேசினால், பெனால்டி (தப்புக்காக எதிரணிக்குக் கிடைக்கும் வாய்ப்பு) எடுக்கும் இடம் பத்து மீட்டர் முன்னால் நகர்ந்துவிடும். இரண்டு மடங்கு எடையுள்ள வீரன் தலையைக் குனிந்து "யெஸ் சார்" என்று சொல்வதைப் பார்த்துத்தான் நானே இந்தப் பக்கம் வந்தேன்.

அந்த மரியாதை எதனால் வருகிறது என்பதை நான் கற்றுக்கொண்டது ஒரு மழை நாளில், என் மூன்றாவது வருடத்தில். அட்வான்டேஜ் என்று ஒரு விதி உண்டு. ஒரு அணி தப்பு செய்தால் உடனே விசில் ஊதக் கூடாது. கையை நீட்டியபடி ஆட்டத்தை ஓடவிட வேண்டும். எதிரணிக்கு அதில் லாபம் கிடைத்தால் ஆட்டம் தொடரும், கிடைக்காவிட்டால் திரும்ப வந்து பெனால்டி கொடுக்கலாம். அன்றைக்குக் கோட்டுக்கு ஐந்து மீட்டர் தூரத்தில் தற்காப்பு அணி தப்பு செய்தது. நான் அவசரப்பட்டு ஊதிவிட்டேன். அதே நொடியில் பந்து தாக்கும் அணியின் ஓரத்து ஆட்டக்காரன் கைக்குப் போய், அவன் யாருமில்லாத இடத்தில் ஓடிக்கொண்டிருந்தான். போட்டிருக்க வேண்டிய டிரை (பந்தைக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) என் விசிலால் போனது. அந்த அணியின் கேப்டன் தாராவிப் பையன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். "அண்ணே, அட்வான்டேஜ் இருந்துச்சே!" என்று கத்தினான். "பேசாத, போ" என்றேன். அதற்குப் பிறகு இருபது நிமிடம் ஒருவரும் என் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கு மஞ்சள் அட்டை காட்டிச் சற்று நேரம் வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தக் கேப்டனின் அணி மூன்று புள்ளியில் தோற்றது.

ஆட்டம் முடிந்து நான் அவனிடம் போய், "பந்து வெளியே வந்ததை நான் பாக்கலப்பா, அவசரப்பட்டுட்டேன்" என்று சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்துவிட்டு, "இத அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா நான் கத்தியிருக்க மாட்டேன் அண்ணே" என்றான். அன்றிலிருந்து தப்பாகத் தெரிந்தாலும் சரியாகத் தெரிந்தாலும், நான் என்ன பார்த்தேன் என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் ஒரு பெனால்டிகூட நான் கொடுத்ததில்லை. தமிழ், ஹிந்தி, மராத்தி, எது புரியுமோ அதில்.

இதே விஷயத்தை மிகப் பெரிய அளவில் வாழ்ந்தவர் பார்ன்ஸ். 15 வயதில் விசில் எடுத்தவர். 2007 உலகக் கோப்பைக் காலிறுதி, கார்டிஃபில் நியூசிலாந்தும் பிரான்சும். பார்ன்ஸுக்கு அப்போது 28 வயது. பிரான்ஸ் 20–18 என்று ஜெயித்தது. கடைசி டிரைக்கு முன்னால் ஒரு பாஸ் முன்னோக்கிப் போனது, ரக்பியில் அது தப்பு, அவரும் துணை நடுவர்களும் அதைப் பார்க்கவில்லை. ஒரு நாடே அவர் மேல் கோபப்பட்டது. அத்தோடு போய்விடாமல் அவர் தொடர்ந்து ஊதினார். 2023 அக்டோபர் 28, பாரிஸில் உலகக் கோப்பை இறுதி. பதினாறு வருடம் கழித்து அவர் முன்னால் மறுபடி நியூசிலாந்து, எதிரே தென்னாப்பிரிக்கா. நியூசிலாந்து கேப்டன் சாம் கேனுக்கு முதலில் மஞ்சள் அட்டை, காணொளி மறுபார்வைக்குப் பிறகு அது சிவப்பானது. ஆண்கள் உலகக் கோப்பை இறுதி ஒன்றில் சிவப்பு அட்டை வாங்கிய முதல் வீரர் அவர். தென்னாப்பிரிக்கா 12–11 என்று ஜெயித்தது. அதுதான் பார்ன்ஸின் கடைசி ஆட்டம், 111-ஆவது டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்). வேறெந்த நடுவரும் அதுவரை அத்தனை டெஸ்ட் நடத்தியதில்லை.

அந்த இறுதிக்குப் பிறகு வந்ததையும் உங்கள் மகன் தெரிந்துகொள்ள வேண்டும். நடுவர்களுக்கும் குடும்பத்துக்கும் இணையத்தில் மிரட்டல்கள் வந்தன. அன்று காணொளி நடுவராக இருந்த டாம் ஃபோலி சர்வதேச ஆட்டங்களிலிருந்தே விலகிவிட்டார். ஒரு மனிதன் வேலையைச் செய்ததற்காக அவன் பிள்ளைகளைப் பயமுறுத்துவதை எந்த ஆட்டத்தின் பெயராலும் நான் பொறுத்துக்கொள்ள மாட்டேன். இதைப் படிக்கும் ரசிகர்கள் அடுத்த முறை தட்டச்சு செய்வதற்கு முன் அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் நைஜல் ஓவன்ஸ். வேல்ஸில் ஒரு சின்ன கிராமத்துக்காரர், தாய்மொழி வெல்ஷ். பள்ளி ஆட்டமொன்றில் ஜெயிக்க வேண்டிய உதையைக் கம்பங்களுக்கு நேர் எதிரே நின்று தவறவிட்டார், நீ நடுவராகப் போய்விடு என்று ஆசிரியர் சொல்ல, அப்படியே போனார். இளம் வயதில் தன் பாலின ஈர்ப்பை ஏற்றுக்கொள்ள முடியாமல் உயிரை விடப் பார்த்து, மீட்கப்பட்டு, 2007-இல் தான் ஒருபால் ஈர்ப்பாளர் என்பதை வெளியே சொன்னார். தன்னைத் தான் ஏற்றுக்கொள்வதற்கு முன்னால் உலகக் கோப்பை இறுதி ஒன்றும் பெரிய விஷயமில்லை என்ற பொருளில் பேசியிருக்கிறார். 2015-இல் ட்விக்கன்ஹாமில் அந்த இறுதியையும் நடத்தினார். 2020 நவம்பரில் பாரிஸில் அவருடைய 100-ஆவது டெஸ்ட், அந்த எண்ணைத் தொட்ட முதல் நடுவர் அவர்தான். கொரோனாவால் அரங்கம் காலி. அன்று அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். கைதட்ட ஆளில்லாத மைதானத்தில்கூட அவர் ஒவ்வொரு முடிவுக்கும் அதே நிதானத்தோடு காரணம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உங்கள் மகன் ஆடியவன் என்பது பெரிய பலம். 2007 இறுதியை நடத்திய அலன் ரோலண்ட் அயர்லாந்துக்காக ஆடியவர். 2023 ஆண்கள் உலகக் கோப்பையில் காணொளி நடுவராக இருந்த ஜாய் நெவில், 2013-இல் ஆறு நாடுகள் போட்டியில் எல்லா ஆட்டங்களையும் ஜெயித்து கிராண்ட் ஸ்லாம் வென்ற அயர்லாந்து பெண்கள் அணியில் இருந்தவர். குவியலுக்குள் எந்தக் கை எங்கே போகும் என்று ஆடினவனுக்கு உடம்பே சொல்லிக்கொடுத்திருக்கும்.

இந்தியாவிலிருந்து? ஆண்கள் உலகக் கோப்பையில் இதுவரை இந்தியர் யாரும் விசில் ஊதியதில்லை. ஆனால் 2023-இல் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் நிகா அமாஷுகேலி, ஜார்ஜியாக்காரர், முப்பது வயதுக்குள். அந்த நாட்டிலிருந்து அங்கே போன முதல் நடுவர். மைக்கில் அவர் பேச வேண்டியதும் அவருடைய மொழி இல்லை. நம் வழி பெரும்பாலும் ஏழு பேர் ஆடும் செவன்ஸ் வழியாகத்தான் இருக்கும். பாதிக்கு ஏழு நிமிடம்தான், ஆனால் ஓட்டம் கடுமை. ஆசிய விளையாட்டிலும் ஒலிம்பிக்கிலும் ரக்பியை அந்த வடிவத்தில்தான் ஆடுகிறார்கள். 2025 ஜூனில் அந்தேரியில் ரக்பி பிரீமியர் லீக் நடந்தபோது தினமும் அலுவலகம் முடிந்து அங்கே ஓடினேன். சென்னை புல்ஸ் கோப்பையை எடுத்ததில் எனக்குச் சந்தோஷம்தான், ஆனாலும் என் கண் நடுவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதிலேயே இருந்தது.

மகன் செய்ய வேண்டியது: உலக ரக்பி அமைப்பான வேர்ல்ட் ரக்பியின் தளத்தில் விதிகள் இலவசமாக இருக்கின்றன, தேர்வும் இருக்கிறது. அதை எழுதிவிட்டு நம் நாட்டு ரக்பி அமைப்பான ரக்பி இந்தியா நடத்தும் முதல் நிலைப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கட்டும். ஆங்கிலத்தைச் சத்தமாக, சின்ன வாக்கியங்களில் பேசிப் பழகட்டும். முதல் இரண்டு வருடம் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்கள்தான், அதில் அலுப்பு வந்தால் மேலே போக முடியாது. உலகக் கோப்பைக்குக் குறைந்தது பதினைந்து வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மும்பையில் ரக்பி மழைக்கால ஆட்டம். ஜூனில் முதல் மழை விழுந்ததும் ஆரம்பித்துவிடுவோம். டாக்டர் அனுமதி கொடுத்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், 14 வயதுப் பிள்ளைகள் ஆட்டத்தில் என் பக்கத்தில் கொடியோடு நிற்கட்டும். அன்றைக்கு நான் சொன்ன தாராவி கேப்டனும் இப்போது எங்களோடு விசில் ஊதுகிறான், அவனே சொல்லிக்கொடுப்பான். இரண்டு விசில் கொண்டுவரச் சொல்லுங்கள். உள்ளே தக்கை உருண்டை இருக்கும் விசில் மழையில் ஊறி அடைத்துக்கொள்ளும், இரண்டாவது உருண்டை இல்லாததாக இருக்கட்டும்.