குசினி வாளியில் நெளியும் புழு

கேள்வி: பலாச்சக்கையும் மரக்கறித் தோலும் போட்டுவைத்த வாளி முழுக்கத் தட்டையான புழுக்கள். மாமி கொட்டி எரிக்கச் சொல்கிறா. என்ன செய்யலாம்?
– வாசகி, கோண்டாவில்

பதில்: எரித்துவிடாதீர்கள், தங்கச்சி! தட்டையாக, வளையம் வளையமாக, தோல் தடித்திருந்தால் அது பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. யூரியூப்பில் பிளாக் சோல்ஜர் ஃபிளை என்று காட்டுவது இதைத்தான். வளர்ந்த ஈ குளவி மாதிரி இருந்தாலும் கொட்டாது, கடிக்காது, வீட்டு ஈயைப் போல எங்கள் சாப்பாட்டை மொய்க்கவும் வராது. தின்பதெல்லாம் புழுதான், அதுவும் என்ன தீன்! நல்ல சூடும் அளவான ஈரமும் இருந்தால் இரண்டு மூன்று கிழமையில் வாளி பாதிக்கும் கீழே இறங்கி, கறுத்த தூள் போல எச்சம் மிஞ்சும்.

வாளியின் அடியில் துளை போடுங்கள். நாறினால் ஈரம் கூடிவிட்டது என்று அர்த்தம், தும்புத்தூள் இரண்டு பிடி போட்டுக் கிளறுங்கள். மாரியில் மூடிவையுங்கள். முற்றிக் கறுத்த புழு உலர்ந்த இடம் தேடித் தானாகவே ஏறி வெளியே வரும், அதைக் கோழிக்குப் போடலாம். ஆனால் எச்சத்தை உடனே கத்தரிக் கன்றின் அடியில் போடவேண்டாம், சூடு அடங்காமல் வேரைக் கருக்கிவிடும். நிழலில் ஒரு மாதமாவது மக்கவிட்டு, பிறகு செம்மண்ணோடு கலந்து போடுங்கள்.

அப்புறம், மாமியை ஒருநாள் கோழிக்கூட்டடிக்குக் கூட்டிப்போய், புழுவைப் போட்டதும் கோழிகள் ஓடிவருவதைக் காட்டுங்கள்.