பெண் சிலந்தி ஆணைத் தின்றுவிடுமா? கன்னியாப் பற்றைக்காட்டில் நான் கண்டது

காட்டில் சிலந்திகள் இணைசேர்வதை நேரில் பார்த்தவர் உண்டா, முடிவில் பெண் ஆணைத் தின்றுவிடும் என்பது உண்மையா என்று கேட்டிருந்தீர்கள். திருகோணமலையில் கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகும் வழியிலுள்ள பற்றைக்காட்டில், மாரி ஓய்ந்த தை மாதக் காலைகளில், மஞ்சட்சாயல் நூலால் பெருவலை கட்டும் பொன்வலைச் சிலந்தியை நான் பலமுறை கவனித்திருக்கிறேன்.

பெண்ணின் உடல் மட்டும் 3 முதல் 5 சென்ரிமீற்றர் இருக்கும். ஆணோ 5, 6 மில்லிமீற்றரைத் தாண்டாது. முதல் நாள்களில், வலையோரத்தில் மின்னிய சிறு வெள்ளிப் புள்ளிகளையே ஆண்கள் என்று எண்ணி ஏமாந்தேன். அவை அந்த வலையில் சிக்கும் சிற்றிரையைத் திருடிப் பிழைக்கும் வேறு இனச் சிலந்திகள். செம்பழுப்பு நிறமான உண்மையான ஆண், பெண்ணுக்குச் சற்று மேலே அசையாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் வலையில் தும்பி ஒன்று விழுந்து, பெண் அதைச் சுற்றிக் கட்டி உண்ணத் தொடங்கிய பின்னரே அந்த ஆண் இறங்கி வந்தது. அவளது முதுகில் ஏறி, முன்னும் பின்னும் நடந்து, மெல்லிய நூலை அவள்மேல் இழைத்தது. பின் வயிற்றுப் பக்கம் போய், வாயருகேயுள்ள சிறு கால் போன்ற உறுப்பால் விந்தைச் செலுத்திவிட்டு, மீண்டும் முதுகுக்கு வந்து நூல் இழைத்தது. இந்த நூல் அவளைக் கட்டிப்போடும் விலங்கன்று; அவள் நினைத்தால் ஒரு நொடியில் அறுத்துவிடுவாள். முதுகில் படும் அந்தத் தொடுகையே அவளது சீற்றத்தைத் தணிக்கிறது என்று 2011 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆகவே, ஆணைத் தின்பது இந்த இனத்தில் நடக்கக்கூடியதே தவிர, கட்டாயமான முடிவன்று. நான் பார்த்த அந்த ஆண் உயிரோடுதான் திரும்பியது. தின்னும் காட்சியை எதிர்பார்த்துப் போகிறவர்கள், அந்த நூலிழைப்பைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள் என்பது என் மனக்குறை.

நீங்கள் பார்க்கப் போவதானால், வலையைத் தாங்கும் நூல்கள் எந்தச் செடியில் கட்டப்பட்டுள்ளன என்பதை முதலில் கண்டுகொள்ளுங்கள். இவற்றுக்குக் கண்பார்வை குறைவு. உலகத்தை அதிர்வாகவே அறிகின்றன. ஒருமுறை என் குடைநுனி ஒரு நூலில் பட்டதும், அரை மணி நேரமாக நெருங்கிக்கொண்டிருந்த ஆண் ஒரே ஓட்டமாக வலையின் மேல்விளிம்புக்குப் போய்விட்டது. அன்று அது கீழே இறங்கவேயில்லை.