தடயத்தை மறைக்காதீர்கள், அதன் அர்த்தத்தை மறையுங்கள்

உங்கள் துப்பறியும் நாவலில் கதையைச் சொல்பவர் துப்பறிவாளரின் உதவியாளர். தான் பார்த்த தடயத்தைக் கடைசி அத்தியாயம்வரை அவர் சொல்லாமல் வைத்திருப்பதால்தான் வாசகர்கள் நாவலை 'ஏமாற்று' என்கிறார்கள். பார்த்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். அதை அவர் தப்பாகப் புரிந்துகொள்ளட்டும். ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் அவ்வகைக் கதைகளுக்காக 1929இல் வகுத்த பத்து விதிகளில் ஒன்பதாவது இதுதான்: உதவியாளர் தன் மனதில் ஓடும் எதையும் ஒளிக்கக் கூடாது. துப்பறிவாளர் ஒளிக்கலாம், அவர் மனதுக்குள் நாம் போவதே இல்லையே.

பெரும்பாலும் கோளாறு, "அவர் காதில் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிட்டேன்" போன்ற வரியில் இருக்கும்: உதவியாளர் கேட்டுவிட்டார், வாசகருக்குச் சொல்லவில்லை. அதை வெட்டுங்கள். அந்த விஷயம் தெரியவரும் விசாரணைக்குத் துப்பறிவாளர் தனியே போகட்டும்.

விடை அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு தடயத்துக்கும் அது முதலில் வந்த பக்க எண்ணைக் குறியுங்கள். எண் கிடைக்காததை முன்னால் எங்காவது நுழைத்துவிடுங்கள்; மூன்று பொருள்களுக்கு நடுவில் வைத்தால் உறுத்தாது.

உதவியாளரை மட்டும் ரொம்ப மந்தமாக்கிவிடாதீர்கள். வாசகரைவிட அரைப்படி பின்னால் இருந்தால் போதும்.