பாடசாலை உடற்கல்வியை மேம்படுத்த நவீன டிஜிட்டல் தொழில்நுட்பத்தை எப்படிப் பயன்படுத்தலாம்?

நான் திருகோணமலையில் உடற்கல்வி படிப்பிக்கிறேன். கேள்வி கேட்டவர் ஸ்மார்ட் வோச், வி.ஆர். கண்ணாடி என்று ஏதாவது மனதில் வைத்திருக்கலாம். என்னைக் கேட்டால் ஸ்லோ மோஷன் வசதி உள்ள ஒரு கைபேசிதான் முதலில். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

நீளம் பாய்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை நல்ல வேகமாக ஓடி வருவாள். மிதிபலகை கிட்ட வந்ததும் தலையைக் குனிந்து அதைப் பார்ப்பாள். கடைசி எட்டுகள் குட்டையாகி, சேர்த்த வேகம் அத்தனையும் அங்கேயே போய்விடும். "குனியாதே பிள்ளை" என்று எத்தனை தரம் கத்தினாலும் "நான் குனியேல்ல சேர்" என்றுதான் பதில் வரும். பொய் சொல்லவில்லை, அவளுக்கு உண்மையிலேயே தெரியாது. நொடிக்கு 240 படங்கள் பதிவாகும் வீடியோவை அந்த இடத்திலேயே காட்டினால் வாக்குவாதம் முடிந்தது. பார்த்த கையோடு திரும்பப் போய்ப் பாய்வாள். அடுத்த கிழமை காட்டினால் பாதிப் பயன்கூட இல்லை.

4×100 அஞ்சல் ஓட்டத்துக்கும் இதே கைபேசி உதவும். கோல் மாற்றும் பகுதி இப்போது 30 மீற்றர். பக்கவாட்டில் நின்று படம் பிடித்து, கோல் அந்த 30 மீற்றரைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். தனித்தனியே வேகமான இரண்டு பேர் நல்ல சோடியாக இருக்க வேண்டும் என்றில்லை என்பது அப்போது விளங்கும். கினோவியா என்ற இலவச மென்பொருளைக் கணினியில் ஏற்றினால் முழங்கால் மடங்கும் கோணம்வரை கோடு போட்டு அளக்கலாம். இணையம் தேவையில்லை. மாரியில் மைதானத்தில் தண்ணீர் நிற்கும் நாட்களுக்கு இது நல்ல வேலை.

இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் வரும் சண்டை தனி. முதலாவது நீல இல்லமா, பச்சை இல்லமா? முடிவுக் கோட்டின் நேரே கைபேசியை அசையாமல் நிறுத்திப் பதிவு செய்தால் சண்டை குறையும். கொஞ்சம் சரிந்து நின்றாலும் யார் முந்தியது என்பது மாறித் தெரியும், கவனம். விதிப்படி பார்க்க வேண்டியது உடற்பகுதியைத்தான். நீட்டிய கையோ தலையோ கணக்கில் வராது. நேரத்தையும் இதே பதிவில் எடுக்கலாம். சாதாரண வீடியோவில் நொடிக்கு 30 படங்கள், அதாவது ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் 0.03 நொடிதான். ஆனால் தொடக்க ஒலி 100 மீற்றர் கடந்து வர ஏறக்குறைய 0.3 நொடி ஆகும். ஒலியை வைத்து நேரம் எண்ணுகிறவர்கள் அதைக் கூட்டிக்கொள்ள வேண்டும். ஸ்டொப் வோச் பிடிப்பவர்களைச் சத்தத்தைக் கேட்டு அமர்த்தாமல் தொடக்கத் துப்பாக்கியின் புகையைப் பார்த்து அமர்த்தச் சொல்வதும் இதனால்தான்.

அப்புறம் பீப் டெஸ்ட். ஒவ்வொரு பீப் ஒலிக்குள்ளும் ஒரு கோட்டிலிருந்து மற்றக் கோட்டுக்கு ஓடி, எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறார்கள் என்று பார்க்கும் சோதனை. 20 மீற்றருக்கு இரண்டு கோடு, ஒரு ஒலிக்கோப்பு, ஒரு ஸ்பீக்கர். வேகம் மணிக்கு 8.5 கிலோமீற்றரில் தொடங்கி நிமிடத்துக்கு 0.5 கூடும். ஒரே நேரத்தில் பெரிய வகுப்பையே சோதித்துவிடலாம்.

வீடியோ என்றதும் பெற்றோருக்கு வரும் பயத்தை லேசாக எடுக்கக் கூடாது. பெண் பிள்ளை ஓடுவதைப் படம் பிடித்து எங்கே அனுப்புவார்களோ என்று கேட்கிறார்கள். கேட்பது நியாயம். திருகோணமலையில் தமிழ், முஸ்லிம், சிங்களம் என்று எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி வரும். ஆகவே படம் பிடிப்பது ஆசிரியர் மட்டும், பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதத்தோடு. பிள்ளைக்குக் காட்டியதும் அழித்துவிட வேண்டும். வட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. முடிந்தால் பாடசாலைக்கென்று தனிக் கைபேசி ஒன்று இருப்பது நல்லது. எனக்கு இந்த ஒழுங்கு தொழில்நுட்பத்தைவிடப் பெரிது. இது இல்லையென்றால் ஒரு தகப்பன் வந்து மகளை மைதானத்திலிருந்தே கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

ஸ்மார்ட் வோச் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வகுப்பு முழுவதற்கும் வாங்க யாரிடமும் காசு கிடையாது. இதயத் துடிப்பு அறிய இரண்டு விரலைக் கழுத்தில் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் சரி.

இன்னொன்று. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலை வருத்தி அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்களிடம் இருப்பதோ ஒரு பாடவேளை, அதுவும் தினமும் இல்லை. அதில் பிள்ளைகள் திரையைச் சுற்றி நிற்கும் நேரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் நான் கைபேசியைப் பைக்குள் போட்டுவிடுவேன். உச்சி வெயிலில் திரை தெரியவும் தெரியாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் புழுதி வேறு. காலைப் பாடவேளையும் மர நிழலும்தான் தோது.

பழைய மாணவர் சங்கம் என்ன வாங்கித் தரட்டும் என்று கேட்டால் ஸ்மார்ட் போர்ட் கேட்காதீர்கள். கைபேசியை நிறுத்த ஒரு ட்ரைபொட், சத்தமான புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று, மிச்சக் காசுக்குப் பந்து.