எம்ஜிபி ஹேண்ட் பிரேக்: கேபிள் வாங்கும் முன் டிரம்மைப் பாருங்கள்

கேள்வி: இங்கிலாந்தில் வசிக்கிறேன். 1972-ஆம் ஆண்டு எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரை திறக்கும் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்றைத் தரகர் மூலம் வாங்கினேன். கம்பிச் சக்கரம் போட்ட வண்டி. ஹேண்ட் பிரேக் லீவரை ஒன்பது, பத்துப் பல் (கிளிக்) வரை இழுத்தாலும் வீட்டு வாசல் சரிவில் வண்டி மெல்ல நகர்கிறது. கேபிள் நீண்டுவிட்டது, லீவரோடு சேர்த்து மாற்ற வேண்டும் என்கிறார் கராஜ்காரர். பழைய வண்டிக்கு எம்ஓடி என்னும் வருடாந்தரத் தகுதிச் சோதனையே கிடையாது, மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் தரகர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் இப்போதைக்குக் கேட்க வேண்டாம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பெரும்பாலும் கேபிளில் கோளாறு இருக்காது. பின் சக்கரத்தோடு சுற்றும் டிரம்முக்குள், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த பிரேக் ஷூ தேய்ந்து, டிரம்மை விட்டு விலகி நிற்கும். இந்த வண்டியில் அந்த இடைவெளி தானாகக் குறையாது. யாராவது கீழே படுத்து, அந்த இடைவெளியைக் குறைக்கும் திருகான அட்ஜஸ்டரைத் திருப்பினால்தான் உண்டு. இழுக்கிற தூரமெல்லாம் அந்த இடைவெளியைக் கடப்பதிலேயே செலவாகிவிடுவதால் லீவர் மேலே வருகிறது, பிடிப்பு வருவதில்லை.

இதில் வரிசைதான் முக்கியம். முதலில் டிரம், கடைசியில் கேபிள். பத்துக்கு எட்டுப் பேர் தலைகீழாகச் செய்கிறார்கள். கேபிள் நட்டு கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. அதை முறுக்கினால் லீவர் மூன்றாம் பல்லிலேயே கெட்டியாக நிற்கும். வாங்க வருகிறவர் இழுத்துப் பார்த்து மகிழ்ந்துவிடுவார். விற்பதற்கு முதல் நாள் தரகர்கள் செய்கிற வேலை இது. ஆனால் கேபிள் இழுக்கும், டிரம்முக்குள் இருக்கும் சின்ன நெம்புகோல் எப்போதும் பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். ஷூ முழுதாகத் திரும்பாது, ஓட்டும்போது உரசும், சூடாகும், இன்னும் வேகமாகத் தேயும். சில வாரங்களில் பழைய நிலைதான். பழைய வண்டி வாங்கப் போகும் யாரும் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்ப்பதோடு நிறுத்தக் கூடாது. அதை விடுவித்துவிட்டு, சமதளத்தில் வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் உருள வேண்டும்.

சரி, நீங்களே செய்யக்கூடிய வேலைக்கு வருவோம். கெட்டியான சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். பின்பக்கத்தைத் தூக்கி அச்சுக்கு அடியில் ஆக்சில் ஸ்டாண்ட் (வண்டியைத் தாங்கும் உறுதியான இரும்புக் கால்) கொடுங்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் முழுதும் விடுபட்டு இருக்கட்டும். லீவரின் அடிப்பக்கம், வண்டிக்குக் கீழே இருக்கும் கேபிள் நட்டைத் தளர்த்திவிடுங்கள்.

ஒவ்வொரு பின் சக்கரத்துக்கும் பின்னால் உள்ள தகட்டில் சதுரத் தலை கொண்ட அட்ஜஸ்டர் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். இதற்கென்றே சதுர வாய் கொண்ட பிரேக் ஸ்பானர் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். சாதாரண ஸ்பானரோ பிளையரோ போட்டால் தலை மழுங்கிவிடும். பிறகு அரை மணி நேர வேலை ஒரு நாள் வேலையாகும். கடிகாரச் சுற்றில் சக்கரம் இறுகும் வரை திருப்புங்கள், பிறகு சக்கரம் தாராளமாகச் சுற்றும் வரை கிளிக் கிளிக்காகப் பின்னுக்கு எடுங்கள். கால் பிரேக்கை இரண்டு மூன்று முறை அழுத்தி ஷூக்களை நடுவில் உட்காரவைத்து, மறுபடி சரிபாருங்கள். அச்சுக்குள் இருக்கும் கெட்டி எண்ணெயால் கொஞ்சம் மந்தமாகச் சுற்றுவது இயல்பு. சுற்றில் ஒரே இடத்தில் உரசும் சத்தம் கேட்டால் இன்னும் ஒரு கிளிக் விடுங்கள்.

அப்புறம்தான் கேபிள். மூன்றாவது, நான்காவது பல்லில் இரண்டு பின் சக்கரமும் பூட்டிக்கொள்ளும்படி நட்டை முறுக்குங்கள். லீவரை விட்டதும் இரண்டும் தடையின்றிச் சுற்ற வேண்டும். கேபிளில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் அடிக்கும் சின்ன முனை) உண்டு, பலருக்கு அது இருப்பதே தெரியாது. அதில் கிரீஸ் அடியுங்கள். கேபிளை நெம்புகோலோடு சேர்க்கும் இணைப்பு ஊசிகள் தேய்ந்து ஆடினால் மாற்றுங்கள், விலை அற்பம்.

இவ்வளவு செய்தும் பிடிக்கவில்லை என்றால் டிரம்மைக் கழற்றியே ஆக வேண்டும். ஷூவின் மேலுள்ள உராய்வுப் பட்டை, அதாவது லைனிங், பழையதாக இருந்தால் அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரிட்டனில் 1999-இல்தான் அது முழுதாகத் தடைசெய்யப்பட்டது. தூசியை ஊதாதீர்கள், காற்றடிக்காதீர்கள். பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள்.

உள்ளே ஈரம் தெரிந்தால் மேலே சொன்ன சரிசெய்தல் எதுவும் உதவாது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பணம் அதிகம் வீணாவது இங்கேதான். எண்ணெய் பட்ட ஷூ எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கும். வந்தது எந்த ஈரம் என்று முதலில் கண்டுபிடியுங்கள். கெட்டியாக, கந்தக நெடியோடு இருந்தால் அது அச்சின் கியர் எண்ணெய். சக்கரத்துப் பக்கம் எண்ணெயைத் தடுக்கும் சீல் போய்விட்டது. நீர்த்து, பெயின்டை உரிக்கிற திரவமாக இருந்தால் பிரேக் திரவம். கால் பிரேக்கை அழுத்தும்போது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறது. சிலிண்டர் கசிந்தால் கால் பிரேக்குக்கும் ஆபத்து, அதை மாற்றும் வரை வண்டியை எடுக்காதீர்கள். சீல் போயிருந்தால், புது சீல் போடும் முன் அச்சின் மேலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறதா பாருங்கள். அது அடைத்தால் சூட்டில் உள்ளே அழுத்தம் கூடி, எண்ணெய் சீல் வழியாக வெளியே வரும். புது சீலும் வெகுநாள் தாங்காது. துளையைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றிவிட்டு, மறுபடி கசிந்ததும் இன்னொரு பில் போடும் கராஜ்கள் இருக்கின்றன. ஊறிய ஷூவைப் பெட்ரோலில் கழுவி மாட்டலாம், நெருப்பில் காட்டலாம் என்று யோசனை சொல்வார்கள். வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் ஊறியிருந்தாலும் இரண்டு பக்கமும் புது ஷூ போடுங்கள், டிரம்மை நன்றாகத் துடைத்த பிறகு. ஷூவோடு இணைந்த உள் நெம்புகோல்களில் இடது வலது உண்டு, ஒவ்வொரு பக்கமாகப் பிரித்துப் பூட்டுங்கள்.

கேபிள் உண்மையிலேயே இழை பிரிந்தோ உறைக்குள் துருப்பிடித்தோ இருந்தால் மாற்றத்தான் வேண்டும். வாங்கும்போது வெறுமனே எம்ஜிபி கேபிள் என்று கேட்காதீர்கள். கம்பிச் சக்கர வண்டியின் அச்சு, சாதாரணச் சக்கர வண்டியின் அச்சைவிடக் குறுகலானது. ரோட்ஸ்டரில் 1967 வாக்கில் அச்சின் வகையும் மாறியது. உங்களுக்குப் பிந்தைய குழாய் வகை அச்சும் கம்பிச் சக்கரமும் சேர்ந்ததற்கான கேபிள் வேண்டும். இந்த இரண்டையும் கேட்காமல் அனுப்பிவைக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். பழையதையும் புதியதையும் தரையில் அருகருகே நீட்டி அளந்த பிறகே மாட்டுங்கள். லீவரை மாற்றச் சொன்னாரே, பல் நழுவி லீவர் தானாகக் கீழே விழுந்தால் ஒழிய அதைத் தொட அவசியமில்லை.

இனி எம்ஓடி. சட்டப்படி தரகர் சொன்னது சரி. பெரிய மாற்றங்கள் செய்யப்படாத, 40 ஆண்டு கடந்த கார்களுக்கு 2018 மே 20 முதல் கட்டாயச் சோதனை இல்லை. எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. அரை நூற்றாண்டுப் பழைய பிரேக்கை வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவந்த ஒரே வெளியாளையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தரகர்களுக்கு வசதியாகப் போயிற்று. பொறுப்பு மட்டும் ஓட்டுகிறவர் தலையிலேயே இருக்கிறது: ஆபத்தான நிலையில் வண்டி ஓட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் மூன்று தண்டனைப் புள்ளிகளும் வரலாம்.

ஆகவே, சரிசெய்த பிறகு நீங்களாகவே எம்ஓடிக்குக் கொண்டுபோங்கள். காருக்கு அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டுதான். சுழலும் உருளைகள் மீது சக்கரத்தை நிறுத்திச் செய்யும் சோதனையில் இடது வலது எவ்வளவு பிடிக்கிறது என்று தனித்தனியே தெரியும். பிரிட்டனில் விற்ற 1972 எம்ஜிபியில் பிரேக் திரவம் நான்கு சக்கரத்துக்கும் ஒரே குழாய்ச் சுற்றில் ஓடுகிறது. அப்படிப்பட்ட வண்டிக்கு ஹேண்ட் பிரேக் திறன் (வண்டி எடையோடு ஒப்பிட்ட பிடிப்பு) 25 சதவீதம் வேண்டும். இரட்டைச் சுற்று வண்டிகளுக்குரிய 16 சதவீதத்தைச் சொல்லி யாராவது போதும் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அமெரிக்காவுக்குப் போய்த் திரும்பிவந்த வண்டியாக இருந்தால் இரட்டைச் சுற்றாக இருக்கலாம், அதைச் சோதனையாளரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

வேலை முடியும் வரை சரிவில் நிறுத்தாதீர்கள். வேறு வழியில்லை என்றால் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். புது ஷூ போட்டிருந்தால் சில நூறு மைல் ஓடிப் படிந்த பிறகு அட்ஜஸ்டரை இன்னொரு முறை பாருங்கள். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் கொட்டகையில் நிறுத்துவதானால் ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கட்டை மட்டும் வையுங்கள். இழுத்துவிட்டுப் போனால் ஷூ டிரம்மோடு துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும்.