ஊட்டி சாக்லேட் கடை: மே மாதத்தில் மட்டும் சரக்கு தீர்வது ஏன்?

வணக்கம். சரக்குக் கணக்கு மென்பொருள் ‘இருப்பு போதும்’ என்று காட்டியும் மே மாதத்தில் டார்க் காம்பவுண்ட் (சாக்லேட் செய்ய உருக்கும் கட்டி) தீர்ந்துவிடுவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மென்பொருள் ஆண்டுச் சராசரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மலர்க் கண்காட்சிக் கூட்டமும் ஜூலை மழையில் ஈயோட்டும் நாட்களும் அதற்கு ஒன்றுதான்! சென்ற ஆண்டின் அதே வாரங்களின் பயன்பாட்டை எடுங்கள். நாளுக்கு 6 கிலோ, கோவையிலிருந்து சரக்கு வர 4 நாள் என்றால் 24 கிலோ. மலைப்பாதை நெரிசலுக்காக 2 நாள் சேர்த்து, இருப்பு 36 கிலோவைத் தொட்டதும் ஆர்டர் போடுங்கள்.

மென்பொருள் காட்டும் இருப்பை விடக் கையில் உள்ள சரக்கு குறைவதற்குக் காரணம் அநேகமாக சுவை பார்க்கக் கொடுக்கும் தட்டுதான். கை நீட்டுகிறவரிடம் மறுக்கவா முடியும்? விற்காமல் குறையும் சரக்கை மென்பொருளில் ‘மாதிரி’, ‘உடைசல்’ என்று தனித்தனிக் காரணங்களில் பதியுங்கள். தட்டைக் காலையில் ஒருமுறை, இரவில் ஒருமுறை எடை போட்டு, வித்தியாசத்தை மட்டும் எழுதினால் போதும்.