உப்பும் ஊதியமும், கண்ணும் பாவையும்: ஆங்கிலச் சொற்களின் இலத்தீன், கிரேக்க வேர்கள் குறித்த கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ரோமப் படைவீரர்களுக்கு உப்பையே கூலியாகக் கொடுத்தார்கள் என்றும், அதனால்தான் 'சேலரி' என்ற சொல் பிறந்தது என்றும் படித்தேன். தமிழிலும் சம்பா நெல்லையும் அளத்து உப்பையும் கூலியாகக் கொடுத்ததால் 'சம்பளம்' என்ற சொல் வந்தது என்கிறார்கள். இவை உண்மையா?

பதில்: 'சேலரி' என்ற சொல்லுக்குள் உப்பு இருப்பது உண்மை. இலத்தீனில் 'சால்' என்றால் உப்பு. அதன் வழிப் பிறந்த 'சலாரியும்' என்ற சொல்லே பிரெஞ்சைக் கடந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆனால் படைவீரர்களுக்குக் கூலியாக உப்பை அளந்து கொடுத்தார்கள் என்பதற்குப் பழைய சான்று எதுவும் இல்லை. அவர்களுடைய ஊதியம் நாணயத்தில்தான் கணக்கிடப்பட்டது. அதற்கு வழங்கிய பெயரும் 'ஸ்டிபெந்தியும்' என்பதே. 'ஸ்டிப்ஸ்' என்பது காசையும் 'பெந்தெரே' என்பது நிறுத்துக் கொடுப்பதையும் குறிக்கும்.

பின் உப்புக் கதை எங்கிருந்து முளைத்தது? கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்த ரோம எழுத்தாளர் மூத்த பிளினி, தம் 'இயற்கை வரலாறு' என்ற நூலின் 31ஆம் பகுதியில் உப்பின் பெருமையைப் பேசும்போது, பதவிச் சிறப்புகளிலும் படைப்பணியிலும் உப்புக்கு இடம் உண்டு என்றும், 'சலாரியும்' என்ற பெயர் அதனால் வந்தது என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த ஒரு வரியைப் பிற்காலத்தவர்களுள் சிலர் 'உப்பு வாங்குவதற்காகக் கொடுத்த படி' என்று விரித்தார்கள். வேறு சிலர் 'உப்பாகவே கொடுத்த கூலி' என்று விரித்தார்கள். பிளினி இரண்டையும் சொல்லவில்லை. 'சோல்ஜர்' என்ற சொல்லையும் இந்தக் கதையோடு சேர்த்துவிடுகிறார்கள். அது 'சொலிதுஸ்' என்ற பொற்காசின் பெயரிலிருந்து வந்தது. அதற்கும் உப்புக்கும் தொடர்பே இல்லை.

'சம்பளம்' பற்றிய விளக்கத்தையும் இதே உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்க வேண்டும். ஒரு சொல்லை இரண்டாகப் பிளந்து, இரு பாதிக்கும் பொருள் கிடைத்துவிட்டால் பிறப்பைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பது எளிது. வழிப்பயணத்துக்கான கட்டுச்சோற்றைக் குறிக்கும் 'சம்பல' என்ற சொல் வடமொழியில் இருக்கிறது. அதையும் எடுத்து வைத்துப் பேசாமல் நெல்லையும் உப்பையும் மட்டும் காட்டும் விளக்கத்தை நான் ஏற்கமாட்டேன்.

கேள்வி: என் மகள் ஆங்கில எழுத்துக்கூட்டலில் அடிக்கடி தடுமாறுகிறாள். 'டெட்' என்று கடனைக் குறிக்கும் சொல்லின் நடுவில், ஒலிக்காத 'பி' எதற்காக நிற்கிறது என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில்: நல்ல கேள்வி கேட்ட குழந்தைக்கு என் வாழ்த்துகளைச் சொல்லுங்கள். அந்த 'பி' ஒலித்து ஓய்ந்த எழுத்து அன்று. ஆங்கிலத்தில் அது எப்போதுமே ஒலித்ததில்லை. 1066இல் நார்மானியர்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு பிரெஞ்சிலிருந்து வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான சொற்களுள் இதுவும் ஒன்று. அப்போது இது 'பி' இல்லாமல், ஒலிப்பதைப் போலவே எழுதப்பட்டது. பின்னர் இலத்தீனை உயர்வாகக் கருதிய கற்றவர்கள், இதன் மூலச் சொல் 'தெபிதும்' என்பதை நினைவுபடுத்துவதற்காக நடுவில் ஒரு 'பி'யைச் செருகினார்கள். நாக்கு அதைப் பொருட்படுத்தவில்லை. எழுத்து மட்டும் தங்கிவிட்டது. 'டவுட்' என்பதிலுள்ள 'பி'யும் (b) 'ரிசீட்' என்பதிலுள்ள 'பி'யும் (p) இப்படி வந்தவையே. முன்னதன் மூலம் 'துபிதாரே', பின்னதன் மூலம் 'ரெசெப்தா'.

இவற்றிலாவது மூலம் சரியானது. 'ஐலண்ட்' என்ற சொல்லுக்கு நேர்ந்ததைப் பார்த்தால் வருத்தமாக இருக்கும். அது இலத்தீனிலிருந்து வந்ததே அன்று. பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். இலத்தீன் 'இன்சுலா' வழிவந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லோடு அதை உறவாகக் கருதி, அதற்குள் ஓர் 'எஸ்' எழுத்தைப் புகுத்திவிட்டார்கள். இல்லாத உறவுக்கு வைத்த அடையாளத்தை ஆங்கிலம் படிக்கும் ஒவ்வொரு குழந்தையும் இன்றும் மனப்பாடம் செய்கிறது. உங்கள் மகளிடம் இந்தக் கதையைச் சொல்லுங்கள். அந்த 'எஸ்' பிறகு மறக்காது.

கேள்வி: டிசம்பர் பன்னிரண்டாம் மாதம்; ஆனால் 'டெசெம்' என்றால் பத்து என்கிறார்களே?

பதில்: ரோமர்களின் பழைய ஆண்டு மார்ச்சில் தொடங்கியது. அங்கிருந்து எண்ணினால் செப்டம்பர் ஏழு, அக்டோபர் எட்டு, நவம்பர் ஒன்பது, டிசம்பர் பத்து. ஆண்டின் தொடக்கம் ஜனவரிக்கு நகர்ந்தபோது பெயர்கள் நகரவில்லை. ஜூலையும் ஆகஸ்டும் இடையில் நுழைந்ததால் எண் மாறியது என்று சிலர் சொல்வது தவறு. அவை புதிய மாதங்கள் அல்ல. 'ஐந்தாம் மாதம்', 'ஆறாம் மாதம்' என்ற பொருளில் முன்பே இருந்த குயின்டிலிஸ், செக்ஸ்டிலிஸ் ஆகியவற்றுக்கு முறையே கி.மு. 44இலும் கி.மு. 8இலும் சூட்டிய புதுப்பெயர்கள்.

கேள்வி: போட்டித் தேர்வுக்காக இலத்தீன், கிரேக்க வேர்களை மனப்பாடம் செய்து வருகிறேன். வேர் தெரிந்தால் தெரியாத சொல்லின் பொருளையும் ஊகித்துவிடலாம் அல்லவா?

பதில்: பெரும்பாலும் ஊகித்துவிடலாம்; ஆனால் வேர்ப் பட்டியல்கள் சொல்லாமல் விடும் சில பொறிகள் உண்டு. 'பெட்' என்ற வேரை எடுத்துக்கொள்ளுங்கள். 'பெடல்' என்பதில் இருப்பது காலைக் குறிக்கும் இலத்தீன் வேர். 'பீடியாட்ரிக்ஸ்' என்பதில் இருப்பது குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேர். ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால், குழந்தை மருத்துவத்தைக் கால் மருத்துவமாக எழுதிய விடைத்தாளை நானே திருத்தியிருக்கிறேன். 'ஹோமோ' என்பதும் அப்படியே: இலத்தீனில் மனிதன், கிரேக்கத்தில் 'ஒரே மாதிரியான'.

இவற்றைவிட ஆபத்தானது 'இன்' என்ற முன்னொட்டு. அது இலத்தீனிலேயே இரண்டு. ஒன்று எதிர்மறையைக் குறிக்கும். மற்றொன்று 'உள்ளே, மீது' என்ற பொருள் தருவது, சில இடங்களில் வினைக்கு வலுவூட்டுவது. 'இன்ஃப்ளேமபிள்' என்ற சொல்லில் இருப்பது இரண்டாவது. ஆகவே அதன் பொருள் 'எளிதில் தீப்பற்றக்கூடியது'. அதை எதிர்மறையாகப் படிப்பவர் 'தீப்பற்றாதது' என்று கொண்டுவிடுவார். எரிபொருள் ஏற்றிவரும் வண்டியின் முதுகில் இந்தச் சொல்லைச் சிவப்பில் எழுதியிருக்கும்போது அப்படிப் படித்தால் என்ன ஆகும்? இந்த அச்சத்தால்தான் 20ஆம் நூற்றாண்டில் தீத்தடுப்புத் துறையினர் 'ஃப்ளேமபிள்' என்ற வடிவத்தை வற்புறுத்தினார்கள். முன்னொட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் பொருள் ஒன்றே.

ஆகவே, வேரை மட்டும் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒவ்வொரு வேரோடும் அது வாழும் இரண்டு மூன்று சொற்களையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: 'டெலிவிஷன்' பாதி கிரேக்கம், பாதி இலத்தீன் என்பதால் அது பிழையான சொல்லா?

பதில்: 'டெலி' கிரேக்கம், 'விஷன்' இலத்தீன் என்பது சரி. இதை முறையற்ற கலப்பு என்று குறைகூறியவர்களும் இருந்தார்கள். 'ஆட்டோமொபைல்' என்பதும் இதே கலப்புத்தான். வழக்கில் நின்றுவிட்ட சொல்லைப் பிழை என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

கேள்வி: நான் அறிவியல் நூல்களை மொழிபெயர்க்கிறேன். 'ஆக்சிஜன்' என்பதற்கு வேர்ப்பொருளின்படியே தமிழ்ச்சொல் அமைக்கலாம் என்று நினைக்கிறேன். வேர்ப்பொருள்தானே ஒரு சொல்லின் உண்மைப் பொருள்?

பதில்: சொற்பிறப்பியலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'எட்டிமாலஜி' என்ற பெயரே இந்த மயக்கத்தைத் தருகிறது. கிரேக்கத்தில் 'எட்டுமோன்' என்றால் 'உண்மையானது'. தொடக்கத்தில் ஒரு சொல்லுக்கு இருந்த பொருளே உண்மைப் பொருள் என்று பழங்காலத்தவர் நம்பினார்கள். நாம் அப்படி நம்ப வேண்டியதில்லை. அதற்கு நீங்கள் கேட்ட சொல்லே சிறந்த சான்று.

'ஆக்சுஸ்' என்றால் புளிப்பு. 'கென்' என்பது பிறப்பித்தலைக் குறிக்கும் வேர். எல்லா அமிலங்களிலும் இந்த வாயு இருக்கிறது, இதுவே புளிப்பைத் தருகிறது என்று பிரெஞ்சு வேதியியலாளர் லவாசியே கருதினார். அதனால் 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்ற பொருளில் இப்பெயரை அமைத்தார். அவர் கருத்து தவறு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் அணு ஒன்றுகூட இல்லை. 1810இல் ஆங்கில வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி, அந்த அமிலத்திலுள்ள குளோரின் ஆக்சிஜன் கலந்த சேர்மம் அன்று, ஒரு தனிமமே என்று நிறுவியபோது லவாசியேயின் கொள்கை சரிந்தது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. நீங்கள் வேர்ப்பொருளின்படி தமிழாக்கினால், இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கைவிடப்பட்ட பிழையைத் தமிழில் புதிதாக நட்டவர் ஆவீர்கள். 'பிளக்க முடியாதது' என்று பொருள்படும் 'ஆட்டம்' என்ற சொல்லும் அப்படியே. 1897இல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்த பிறகு அந்தப் பொருள் நிலைக்கவில்லை. தமிழில் நாம் மிகச் சிறியதைக் குறிக்கும் 'அணு' என்ற சொல்லால் சொல்வதால் அந்தச் சிக்கலிலிருந்து தப்பித்தோம்.

கேள்வி: 'கேஷ்' என்பது நம் 'காசு' என்ற சொல்லிலிருந்தும், 'எய்ட்' என்பது 'எட்டு' என்பதிலிருந்தும் வந்தவை என்பது எங்கள் நண்பர் குழுவின் கருத்து. நீங்கள் ஏன் இதை ஏற்கத் தயங்குகிறீர்கள்?

பதில்: தமிழின் மீதுள்ள அன்பால் கேட்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும், எனக்கும் அந்த அன்பு உண்டு. அதனால்தான் கூடுதல் கவனத்தோடு பதில் சொல்கிறேன்.

பெரிய ஆங்கில அகராதியைத் திறந்தால் 'கேஷ்' என்ற தலைப்பில் இரண்டு தனிப் பதிவுகள் இருக்கும். முதற்பதிவு, கையிருப்புப் பணத்தைக் குறிப்பது. அதன் வழியைப் பின்னோக்கிப் போனால் பிரெஞ்சு 'கேஸ்', இத்தாலிய 'காஸ்ஸா', இலத்தீன் 'காப்ஸா' என்று போய் நிற்கும். 'காப்ஸா' என்றால் பெட்டி. ஆங்கிலத்திலும் அச்சொல் முதலில் பணப்பெட்டியையும் குறித்தது. பெட்டியின் பெயர் உள்ளிருந்த பணத்துக்கு ஆகிவந்தது. பெட்டியைக் குறிக்கும் 'கேஸ்', மருந்துக் 'கேப்சூல்' ஆகியவையும் அதே 'காப்ஸா'வின் வழிவந்தவையே. இரண்டாம் பதிவு, ஆசிய நாடுகளில் வழங்கிய சிறு நாணயத்தைக் குறிப்பது. அது நம் 'காசு'. போர்த்துகீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. ஆக, உங்கள் நண்பர்கள் சொல்வது இரண்டாம் 'கேஷு'க்கு முற்றிலும் சரி; முதல் 'கேஷு'க்கு முற்றிலும் தவறு.

'எட்டு' வெறும் ஒலியொற்றுமை. ஆங்கிலச் சொல்லின் பழைய வடிவம் 'எயஹ்தா' என்பது போன்றது. ஜெர்மனில் 'ஆஹ்ட்', இலத்தீனில் 'ஒக்தோ', கிரேக்கத்தில் 'ஒக்தோ'. பின்னோக்கிப் போகப் போகத் தமிழிலிருந்து விலகுகிறதே தவிர, நெருங்கவில்லை.

உண்மையாகவே பெருமைப்பட வேண்டிய சொல் வேறொன்று இருக்கிறது. ஆங்கில 'ஜிஞ்சர்' இலத்தீன் 'சிஞ்சிபெர்' வழியாகவும் கிரேக்க 'சிங்கிபெரிஸ்' வழியாகவும் பாலி மொழியின் 'சிங்கிவேர' வரை போகிறது. அந்தச் சொல்லுக்குள் இருப்பவை 'இஞ்சி'யும் 'வேர்'உம் என்பது திராவிட மொழியியலாளர்கள் ஏற்கும் கருத்து. வடமொழியில் இது 'சிருங்கவேர' ஆனபோது, கொம்பைக் குறிக்கும் 'சிருங்க' என்ற சொல்லைக் கொண்டு 'கொம்பு வடிவம் உடையது' என்று அதற்கு விளக்கமும் சொன்னார்கள். பிற மொழிச் சொல்லுக்குத் தம் மொழியில் பொருள் தேடும் ஆசை எல்லோருக்கும் உண்டு.

கேள்வி: நான் முதலாம் ஆண்டு மருத்துவ மாணவி. சிறுநீரகத்துக்கு ஓரிடத்தில் 'ரீனல்', மற்றோரிடத்தில் 'நெஃப்ரோ' என்று வருகிறது. இரண்டு பெயர்கள் எதற்கு? உடலுறுப்புப் பெயர்களை நினைவில் வைக்க வழி உண்டா?

பதில்: 'ரென்' இலத்தீன், 'நெஃப்ரோஸ்' கிரேக்கம். பழங்கால மருத்துவர்களான ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களும் காலன் (Galen) எழுதிய நூல்களும் கிரேக்கத்தில் எழுதப்பட்டவை. ரோமப் பேரரசிலும் மருத்துவத்தின் மொழி பெரும்பாலும் கிரேக்கமாகவே இருந்தது. ஆகவே நோய்ப் பெயர்களும் சிகிச்சைப் பெயர்களும் மிகுதியும் கிரேக்கம். 1543இல் உடற்கூற்றியலாளர் வெசாலியஸ் தம் பெரும் உடற்கூற்று நூலை இலத்தீனில் வெளியிட்டார். உறுப்புகளின் பெயர்கள் மிகுதியும் இலத்தீனில் நிலைபெற்றன. இதை விலக்கில்லாத விதியாகக் கொள்ளாவிட்டால் உங்களுக்குப் பயன்படும்.

நினைவில் வைக்கச் சிறந்த வழி, பெயரிட்டவர் கண்டதை நீங்களும் காண்பதுதான். கையை மடக்கி முறுக்கிப் பாருங்கள். தோலுக்கடியில் ஏதோ ஓடி ஒளிவது போலத் தசை திரளும். அதனால்தான் அதற்கு 'மஸ்குலுஸ்', அதாவது 'சுண்டெலி' என்று பெயர், அதுவே 'மசில்'. காலின் முன்னெலும்பான 'டிபியா' ஒரு குழல். அதன் அருகில் மெல்லியதாக ஒட்டி நிற்கும் 'ஃபிபுலா' ஆடையைக் கோக்கும் ஊசி. 'பெல்விஸ்' ஒரு வட்டில். முதுகெலும்பின் நுனியிலுள்ள 'காக்சிக்ஸ்' கிரேக்கத்தில் குயில். எலும்பை ஒருமுறை கையில் எடுத்துப் பார்த்தால் அதன் அலகு தெரியும்.

இறுதியாக, கண்ணின் நடுவிலுள்ள கருமையான துளை. ஆங்கிலத்தில் 'ப்யூப்பில்', இலத்தீனில் 'பூபில்லா', சிறுமி அல்லது சிறு பொம்மை என்று பொருள். கிரேக்கத்தில் அதன் பெயர் 'கோரே'. அதற்கும் அதே பொருள்கள். தமிழில் நாம் 'கண்ணின் பாவை' என்கிறோம். "கருமணியிற் பாவாய்" என்று விளிக்கும் 1123ஆம் குறளை நீங்கள் பள்ளியில் படித்திருக்கக்கூடும். மூன்று மொழிகளும் ஒரே பெயரைச் சொன்னாலும், இங்கே ஒன்றிலிருந்து மற்றொன்று கடன் பெற்றதாகச் சொல்லத் தேவையே இல்லை. அடுத்த முறை சிறு விளக்கோடு ஒருவரின் கண்ணைப் பரிசோதிக்கக் குனியும்போது, அந்தக் கருமைக்குள் உற்றுப் பாருங்கள்; விரற்கடை உயரம்கூட இல்லாத பெண்ணுருவம் ஒன்று உங்களைத் திரும்பிப் பார்க்கும்.